எல்லாப் பிழைக்கும் ஒரே எக்செப்ஷனா?

சிங்கப்பூர் ஒன்-நார்த்தில் எங்கள் ஆபீஸின் பைத்தான் புரோகிராமைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. கார்டு நிராகரிக்கப்பட்டாலும் சரி, நெட்வொர்க் அறுந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் வெறும் 'எக்செப்ஷன்' என்ற பொதுவான பிழை அறிவிப்பையே வீசிவிட்டு, எது எது என்று தெரிய மெசேஜில் உள்ள எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யாராவது அதில் ஒரு முற்றுப்புள்ளியை மாற்றினால் போச்சு. பேமென்ட்எரர் என்று ஒரு தாய் கிளாஸ் (பிழை வகை), அதிலிருந்து கார்டுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, பைத்தானில் இரண்டிரண்டு வரிதானே! சரி, ஒருவர் எழுதினார், அதையும் எக்செப்ஷனுக்கும் மேலே உள்ள மூல வகையான பேஸ்எக்செப்ஷனிலிருந்து. அப்புறம் எக்செப்ஷனையும் அதன் பிள்ளைகளையும் மட்டுமே பிடிக்கும் 'எக்செப்ட் எக்செப்ஷன்' வரி அதை எப்படிப் பிடிக்கும்? இன்னொருவர் தாயை மேலே பிடித்துவிட்டுப் பிள்ளையைக் கீழே வைக்கிறார், தாயே பிள்ளையையும் பிடித்துவிடுவதால் கீழே உள்ளது ஓடவே ஓடாது; ஜாவா என்றால், ஓடும் முன்பே சரிபார்க்கும் கம்பைலரே விடாது, பைத்தான் வாயே திறக்காது. ராத்திரி லாக்கை (புரோகிராம் எழுதிவைக்கும் பதிவுகளை) துழாவுவது நான்தான், கடைசி எம்ஆர்டி ரயிலும் போய்விடுகிறது.