கருப்பொருளை ஒளித்து வையுங்கள்

பண்டிகைக் காலம் வந்தால் நம் இதழ்கள் சிறப்புக் குறுக்கெழுத்து போடுகின்றன. பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள், பானை. தீபாவளி என்றால் மத்தாப்பு, அதிரசம், நரகாசுரன். கருப்பொருள் என்னவென்று தலைப்பே சொல்லிவிடுகிறது. குறிப்புகளும் 'பொங்கலன்று கடித்துத் தின்பது' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஐந்து நிமிடத்தில் கட்டம் நிரம்பிவிடும்; மனத்தில் ஒன்றும் தங்காது. பல ஆண்டுகளாகக் குறுக்கெழுத்துகளை அவிழ்த்தும் அமைத்தும் வருகிறவன் என்ற முறையில் இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இந்தக் கட்டங்களுக்குள் எவ்வளவோ செய்யலாம். ஒரு மனிதர் தமக்கு வந்த கடைசி நோயையே இதற்குள் வைத்து உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். கருப்பொருளை அவிழ்ப்பவர் தாமே கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தலைப்பில் எழுதிக் கையில் கொடுத்துவிடக் கூடாது. அதே சமயம், கருப்பொருளை மோப்பம் பிடிக்காதவரும் ஒவ்வொரு குறிப்பையும் அதனதன் பலத்திலேயே அவிழ்க்க முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது நல்ல புதிர்.

கிரிப்டிக் குறுக்கெழுத்துக்குப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு முனையில் விடைக்கு நேரான பொருள் இருக்கும். மீதியில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி இருக்கும். 'அந்த வில்லாளனுக்குள் ஒளிந்திருக்கும் மங்கல வாத்தியம் (3)' என்ற குறிப்பைப் பாருங்கள்; அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. வில்லை மறந்துவிட்டு எழுத்துகளை மட்டும் வரிசையாகப் படித்தால் 'அந்த வில்லாளன்' என்பதற்குள்ளேயே தவில் கிடக்கிறது. மங்கல வாத்தியம் என்ற பொருளும் பொருந்துகிறது. இரண்டு வழியில் வந்தும் ஒரே விடையில் நிற்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. கட்டம் முழுக்க நிரம்பும்வரை காத்திருக்காமல் பேனாவிலேயே எழுதிவிடலாம்.

குறுக்கெழுத்து பிறந்தது 1913 டிசம்பர் 21 அன்று, 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில்; அமைத்தவர் ஆர்தர் வின். அதைத் தந்திரமும் நயமும் உள்ள கலையாக மாற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். 1926 முதல் 1939இல் இறக்கும்வரை லண்டன் 'அப்சர்வர்' இதழில் டார்குமாடா என்ற புனைபெயரில் எட்வர்டு பாவிஸ் மேதர்ஸ் புதிர் அமைத்தார். அவருக்குப் பின் அதே இடத்துக்கு வந்தவர் ஸிமெனிஸ் என்ற பெயரில் எழுதிய மெக்நட். இரண்டுமே ஸ்பெயினின் மத விசாரணை அதிகாரிகளின் பெயர்கள். வாசகரை வதைப்பதுதான் வேலை என்பதுபோலப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் இந்தக் கலைக்கு நேர்மை விதிகளை வகுத்து 1966இல் ஒரு நூலே எழுதியவரும் இதே ஸிமெனிஸ்தான். அவருக்கும் முன்பே, 1949இல், அஃப்ரிட் என்பவர் ஒரு விதியை எழுதிவைத்தார்: சொல்வதையே நீ கருத வேண்டும் என்பதில்லை; ஆனால் கருதியதைச் சொல்லியாக வேண்டும். குறிப்பு திசை திருப்பலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது. நான் அமைக்கும் ஒவ்வொரு குறிப்பையும் இந்த ஒரு வரியில் உரசிப் பார்த்த பிறகே வெளியே விடுகிறேன்.

கருப்பொருள் புதிர்களில் உச்சம் என்றால் 'லிஸனர்' குறுக்கெழுத்துதான். 1930இல் பிபிசியின் அந்த வார இதழில் தொடங்கியது. இதழ் நின்றதும் 1991இல் 'டைம்ஸ்' சனிக்கிழமைப் பதிப்புக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கட்டத்தை நிரப்புவது பாதி வேலைதான். சில வாரங்களில் ஒவ்வொரு குறிப்பிலும் ஓர் எழுத்து வேண்டுமென்றே தவறாக இருக்கும்; சரியான எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு கட்டளை வரும்; அதன்படி கட்டத்தில் எதையோ மாற்ற வேண்டும், அல்லது கோடு வரைய வேண்டும். எல்லாருக்கும் இது ஒத்துவராது. எனக்கே பல வாரங்கள் போதும் போதும் என்றாகிவிடும்.

நாளிதழ்ப் புதிர்களில் வேறொரு வகை இருக்கிறது. அதுவே எனக்கு மிகவும் பிடித்தது. அதில் கருப்பொருள் இருப்பதாக ஒரு சொல்கூட இருக்காது. புதிர் தானே முழுமையானது. அவிழ்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். நிரம்பிய கட்டத்தை நின்று பார்ப்பவருக்கு மட்டும் விடைகள் ஒன்றையொன்று கைகாட்டத் தொடங்கும். ஓரங்களில் ஒரு வாசகத்தை ஒளித்து வைத்தால் அதற்கு நீனா என்று பெயர். அமெரிக்க ஓவியர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்டு தம் மகள் நீனாவின் பெயரைத் தாம் வரைந்த ஆடை மடிப்புகளிலும் தலைமுடியிலும் ஒளித்து வைப்பார்; அதிலிருந்து வந்த பெயர் இது.

இனி, தொடக்கத்தில் நான் சொன்ன அந்த மனிதர். ஜான் கிரகாம் ஒரு பாதிரியார். 'கார்டியன்' நாளிதழில் 1958 முதல் புதிர் அமைத்தவர். அராக்கேரியா என்பது அவர் புனைபெயர். அது ஒரு மரத்தின் பெயர், ஆங்கிலத்தில் அந்த மரத்தைக் குரங்குக்கே புதிர் போடும் மரம் என்பார்கள். 2013 ஜனவரியில் அவருடைய புதிர் ஒன்றின் தலையில் ஒரு முன்குறிப்பு இருந்தது: அராக்கேரியாவுக்கு 19இல் 18 இருக்கிறது, அதற்கு 13, 15 மூலம் சிகிச்சை நடக்கிறது. அவ்வளவுதான். வழக்கம்போல் காலையில் பேனாவை எடுத்தவர்கள் 18ஆம் குறிப்புக்கு வந்தார்கள். 'வளர்ச்சியின் அடையாளம்' என்பது அந்தக் குறிப்பு. ஆங்கிலத்தில் கடக ராசிக்கும் புற்றுநோய்க்கும் பெயர் ஒன்றே. அடையாளம் என்ற சொல்லே அங்கே ராசியையும், வளர்ச்சி என்ற சொல் கட்டியையும் குறிக்கும். கான்சர் என்று எழுதினார்கள். அடுத்து 19, உணவுக்குழாய். பிறகு 13, 15: வலி தணிக்கும் பராமரிப்பு. குணப்படுத்தும் சிகிச்சை அல்ல என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. கட்டத்தின் மற்ற இடங்களிலும் மருத்துவமனைச் சொற்கள் சில விடைகளாக இருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் தம் 92ஆம் வயதில் அவர் காலமானார்.

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பத்திரிகை ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாம். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தம்மோடு இருந்த வாசகர்களுக்கு, அவர்கள் தாமே எழுத்தெழுத்தாகக் கண்டறியும்படி சொன்னார். குறிப்புகளில் அழுகை இல்லை, இரக்கம் கேட்கும் தொனி இல்லை. எல்லாம் விதிப்படியான குறிப்புகள். 'அராக்கேரியாவின் நோய் பற்றிய சிறப்புக் குறுக்கெழுத்து' என்று தலைப்பு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கருப்பொருளை ஏன் ஒளிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த ஒரு புதிரைத்தான் சொல்வேன்.

தமிழில் இது முடியுமா? முடியும். கிரிப்டிக் குறுக்கெழுத்து நமக்குப் புதிதும் அல்ல. 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் தமிழில் இதற்கு எவ்வளவு இடம் உண்டு என்று காட்டின. எனக்கும் அவைதான் பள்ளிக்கூடம். கருப்பொருளோடு நான் அமைத்த ஒரு கட்டத்திலிருந்து நான்கு குறிப்புகளைத் தருகிறேன்.

'பாதிப் பகை, பாதிச் சிறை: சொல் (2)'. பகையில் பாதி ப, சிறையில் பாதி றை. பறை என்றால் சொல்.

'குடை முனையில் தலையிழந்த நிழல், அவள் கூந்தல் (3)'. குடையின் முனை கு. நிழல் தலையிழந்தால் ழல். விடை குழல்.

'விண்மீனோடு பின்பாதி வாழ்க்கை: ஆடை (4)'. உடு என்றால் விண்மீன்; வாழ்க்கையின் பின்பாதி க்கை. விடை உடுக்கை. 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்ற குறளை நினைத்துக்கொள்ளுங்கள்.

'யாத்திரையில் தொடங்கித் தமிழில் முடியும் ஊர் (2)'. யாத்திரையின் தொடக்கமும் தமிழின் முடிவும் சேர்ந்தால் யாழ்.

சொல், கூந்தல், ஆடை, ஊர். குறிப்புகள் எதிலும் இசை என்ற பேச்சே இல்லை. ஆனால் விடைகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள்: பறை, குழல், உடுக்கை, யாழ். நடுவில் குறுக்காகப் போகும் ஐந்தெழுத்து விடை பல்லியம், அதாவது பல வாத்தியங்கள் சேர்ந்த இசை. அந்தச் சொல்லை அறிந்தவருக்கு அந்தக் கணத்தில் கட்டம் முழுவதும் வேறாகத் தெரியும். அறியாதவருக்கும் நட்டமில்லை, புதிரை நேர்மையாக முடித்துவிட்டார்.

அமைப்பவருக்குத் தமிழில் கஷ்டம் அதிகம் என்பதை மறைக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 வாய்ப்புகள். நமக்குக் க வேறு, கா வேறு, கி வேறு, மொத்தம் 247. இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் வெட்டிக்கொள்வது அவ்வளவு எளிதாக அமையாது. போதாததற்கு, மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. உடுக்கையில் மூன்றாவது எழுத்தான 'க்' வழியாக மேலிருந்து கீழே ஒரு சொல் போக வேண்டுமானால், அது அங்கே தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது; அடுத்த கட்டத்தில் க வரிசை எழுத்தே வந்தாக வேண்டும். அதனால் கருப்பொருள் சொற்களை முதலில் இட்டு, அவற்றின் மெய்கள் வெட்டுப்புள்ளியில் விழாதபடி பார்த்த பிறகே மற்ற சொற்களைத் தேடுகிறேன். சில சமயம் ஒரு மூலைக்காக முழுக் கட்டத்தையும் கலைக்க நேரும்.

இங்கேதான் பலருக்கும் ஆசை அளவு மீறுகிறது. எட்டுச் சொற்கள் அழகாக உட்காரும் கட்டத்தில் பதினைந்தைத் திணிக்கிறார்கள். மீதி இடங்களை நிரப்ப நிகண்டுகளைத் துழாவி, யாரும் கேள்விப்படாத சொற்களைக் கொண்டுவருகிறார்கள். கருப்பொருளைக் கண்டு மகிழ வேண்டியவர் அகராதியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போகிறார். இன்னொரு கெட்ட பழக்கம், பாதிக் குறிப்புகளில் '12ஐப் பார்க்க' என்று எழுதிவிட்டு, அந்த 12ஐ இரும்புக் கதவாகப் பூட்டி வைப்பது. மற்றவை ஒன்றை நம்பி இருக்கின்றன என்றால் அந்த ஒன்றுக்குள் நுழையக் குறைந்தது இரண்டு வழி வேண்டும். இல்லாவிட்டால் அமைப்பவரின் கெட்டிக்காரத்தனம் மட்டுமே மிஞ்சும். அதைப் பார்க்க யாரும் பேனா எடுப்பதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் விளையாட்டு, நமக்கெதற்கு என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் தண்டியலங்காரத்தின் சித்திரகவிப் பகுதியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அணியிலக்கண நூல் அது. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பதற்குக் கரந்துறைச் செய்யுள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய்ப் புதுப்புதுச் சொல் காண்பது அக்கரச் சுதகம். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது வினாவுத்தரம். அதற்கான எடுத்துக்காட்டு வெண்பா அடுக்கடுக்காகக் கேட்கிறது: பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புபவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் எய்யும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். கடைசியில், பிறை சூடிய பெருமான் மகிழ்ந்து உறையும் இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம் எல்லாம் புணர்ந்து திருவேகம்பம்.

துண்டு துண்டாகச் சொல்லைக் கட்டும் வழி முன்னே, நேரான பொருள் பின்னே. இன்றைய கிரிப்டிக் குறிப்பின் உடலமைப்பு அப்படியே இருக்கிறது. புணர்ச்சியில் எழுத்து மாறலாமா, குறிப்பில் அதைச் சொல்ல வேண்டுமா என்று தமிழில் புதிர் அமைப்பவர்கள் இன்றும் விவாதிக்கிறோம். இந்த வெண்பா புணர்ச்சியைத் தாராளமாக அனுமதித்துவிடுகிறது. நான் அந்த அளவு போகமாட்டேன். கட்டத்தில் எழுதும்போது துண்டுகள் மாறாமல் நிற்பதே அவிழ்ப்பவருக்கு நியாயம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், விவாதிப்போம்.

இதழாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் மலரில் குறுக்கெழுத்துக்குத் தலைப்பே வேண்டாம். பொங்கல் தொடர்பான ஆறேழு சொற்கள் வேறு பொருள்களில் குறிக்கப்பட்டு உள்ளே இருக்கட்டும். கண்டுபிடித்தவர்கள் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்கள்.

மேலே சொன்ன என் கட்டத்திலிருந்து இன்னும் மூன்று குறிப்புகளை விடையில்லாமல் வைக்கிறேன். கருப்பொருள் தெரிந்துவிட்டதால் உங்களுக்குக் கொஞ்சம் சலுகைதான். கண்டுபிடித்தவர்கள் மற்றவர்களுக்காக ஒருநாள் பொறுத்து விடையை எழுதுங்கள்.

கொய்யா நுனியில் பட்ட அம்பு தலையிழந்தது. மிஞ்சியது கிளை (3)

வந்து டிக்கெட் கேட்கையில் உள்ளுக்குள் பதறு (2)

தங்கள் காற்றாடியால் வந்த தற்பெருமைப் பேச்சு (6)