பழகிய பிறகுதான் கேட்கவே முடியும்

இதழியல் படிக்கிற தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, பேட்டி எடுக்கிற கலைஞரோட நெருங்கிப் பழகினா நேர்மையா எழுத ஏலாது எண்டு படிப்பிக்கிறாங்க. நீங்க கூத்துப் பழக்கிற அண்ணாவிமார்ர வீட்டுல சாப்பிட்டுட்டு வாறீங்களே?" அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கொழும்பிலோ சென்னையிலோ அந்த விதி சரியாக இருக்கலாம். அங்கே பாடகரைப் பார்க்க மனேஜரைப் பிடிக்க வேண்டும், கிடைப்பது அரை மணித்தியாலம். மட்டக்களப்பில் நான் பேட்டி எடுத்தவர் மறுநாள் மீன் சந்தையில் என் பக்கத்தில் நிற்பார். பேட்டி தொடங்க முன்னமே "தம்பி எந்த ஊர், ஆருட மகன்?" என்று அவர் என்னை விசாரித்து முடித்திருப்பார். ஊரும் குடியும் (தாய்வழிக் குலம்) தெரிந்து, ஏதோ ஒரு உறவுமுறை பிடிபட்டால்தான் கதை நகரும்.

முன்பின் தெரியாமல் போய் எடுத்த பேட்டிகளை எடுத்துப் பாருங்கள். குரு யார், எத்தனை கூத்து, அரசின் கலாபூஷணம் விருது எந்த வருசம், இளம் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. பேப்பருக்கு வேண்டியது இதுதான் என்று அண்ணாவியாருக்கும் தெரியும். 'அழிந்துவரும் கலை' என்ற தலைப்பு அவர் வாய் திறக்க முன்னமே எழுதப்பட்டிருக்கும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எனக்கு நெருக்கமான ஒரு மத்தள அண்ணாவியார் இருக்கிறார். முதல் நாள் அவரும் இந்தப் பட்டியலைத்தான் ஒப்புவித்தார். பிறகு, ஊரில் சட்டம் கொடுத்து, அதாவது ஆடுபவர்களுக்குப் பாத்திரம் பிரித்துப் பாட்டுகளைக் கொடுத்து, கூத்துப் பழக்கத் தொடங்கியதும், இரவுகளில் போய்க் களரி என்கிற ஆடுகளத்தின் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு இரவு பனிக்குத் தோல் தளர்ந்து மத்தளத்தின் சத்தம் மந்தமாகிவிட்டது. இடுப்புக் கட்டை அவிழ்த்து, மத்தளத்தை மடியில் வைத்து, வாரை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினார். உள்ளங்கையால் தோலை அழுத்திப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பொடியனுக்கு ஆட்டம் நல்லா வருது, பாட்டுத்தான் வரல்ல. வரிய இழுக்காம வெட்டி வெட்டிப் படிக்கான். நான் அவனுக்காக மத்தளத்தக் கொஞ்சம் விட்டுப் புடிக்கிறன். பாக்கிற சனத்துக்குத் தெரியாது."

எந்தப் பேட்டியிலும் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆடுபவனின் குறையை மத்தளம் எப்படி மூடுகிறது, மூட மூடப் பாட்டே எப்படி மாறிப் போகிறது என்று ஒரு முழுக் கட்டுரைக்கான விசயம் அதில் இருந்தது. எழுதலாமா என்று கேட்டேன். பொடியனின் பெயர் வேண்டாம் என்றார். போடவில்லை.

பறைமேளம் என்று வந்தால் இது இன்னும் கடுமையான விசயம். பறை எங்கள் அடையாளம் என்று மேடையில் முழங்குகிறோம். அதை அடிப்பவரின் மகன் ஏன் அதைத் தொடமாட்டேன் என்கிறான்? சாவீட்டுக்கும் கோயிலுக்கும் கூப்பிட்டுவிட்டு, சாதியைச் சொல்லி எட்ட நிறுத்திய நினைவு அந்த மேளத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. முதல் சந்திப்பிலேயே கமராவை நீட்டி அதைக் கேட்பது அராஜகம். கேட்காமலே 'பாரம்பரியம்' என்று எழுதிவிட்டுப் போவது அதைவிட மோசம். அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கும் உரிமை, பலமுறை போய் வந்தவருக்குத்தான் கிடைக்கும்.

சரி, பழகிய பிறகு குறை எழுத முடியுமா? எழுதியே ஆகவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு இசைக்குழு, திருவிழா நிகழ்ச்சியில் பதிவுசெய்த தாளத்தை ஓடவிட்டு, தபேலாக்காரரை மேடையில் சும்மா உட்கார வைத்திருந்தது. அதை எழுதினேன். எழுத முன்னம் குழுத் தலைவரின் வீட்டுக்குப் போய் அவரிடமே சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நான் எழுதுவதில்லை. அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கோயிலில் தருகிற காசில் சவுண்ட் செட்டுக்கு எவ்வளவு, வாகனத்துக்கு எவ்வளவு, வாசிப்பவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று அந்தக் கோபத்தில்தான் முழுக் கணக்கும் வெளியே வந்தது. அதையும் அதே கட்டுரையில் சேர்த்தேன். எங்கள் ஊர் இசைக்காரருக்குப் பொன்னாடைகள் போதும். அவர்களின் வாசிப்பைக் கவனித்துக் கேட்டு எழுதுகிற ஆட்கள்தான் வேண்டும்.

எனக்கு ஆறாத மனவருத்தம் ஒன்று இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல வருடம் உழைத்து பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ்நூலை 1947இல் அரங்கேற்றினார். அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார். பழைய யாழை வாசித்த ஒருவரும் அவருக்குப் பேட்டி கொடுக்க உயிரோடு இருக்கவில்லை. சிலப்பதிகார வரிகளையும் உரைகளையும் வைத்துக் கணக்குப் போட்டே அவர் அந்த இசையைத் தேட வேண்டியிருந்தது. நமக்கு அந்த நிலை இல்லை. அம்பாறைக் கரையோரத்தில் றபான் என்ற கைமேளத்தை அடித்துப் பாடும் முஸ்லிம் பாவாமார் இருக்கிறார்கள். மட்டக்களப்பு நகரில் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை வாசிக்கும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் இருக்கிறார்கள். எல்லாரையும் போனில் பதிவு செய்கிறோம். அப்புறம் அந்தப் பதிவு எங்கே போகிறது? வந்தவர்கள் எடுத்தார்கள், யூடியூப்பில் போட்டார்கள், சிலர் பட்டமும் வாங்கினார்கள். உடுக்கடித்துப் பாடும் ஒரு முதியவரின் மனைவி என்னிடம் சொன்னது: "எத்தின பேர் வந்து புடிச்சிட்டுப் போனாங்க தம்பி. நாளைக்கு இவர் மோசம் போனா, இவர்ர குரலக் கேக்க எங்கிட்ட ஒண்டுமில்ல."

வேளாண்மை வெட்டு முடிந்ததும் ஊர்களில் திரும்பவும் சட்டம் கொடுப்பார்கள். பேட்டிக்குப் போகிற தம்பி, தங்கைமார் முதலில் சில இரவுகள் களரிப் பக்கம் போய் உட்காருங்கள். எடுத்த பதிவை ஒரு பென்ட்ரைவில் போட்டு, அதைப் போட்டுக் கேட்க அந்த வீட்டில் வசதி இருக்கிறதா என்றும் பார்த்து, கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.