பேஸ் கிதார் இல்லாத மூன்று பேர்

டெவொல்ஃப் என்கிற நெதர்லாந்து ராக் குழுவைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "எழுபதுகளோட ஜெராக்ஸ்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஹேமண்ட் என்கிற மின்சார ஆர்கன் உறுமினால் உடனே எழுபதுகளின் ராக் குழுவான டீப் பர்ப்பிள் ஞாபகம் வருவது இயல்புதான். அதற்காக இவர்களை நகல் கடையில் உட்கார வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. இந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்க ஆளே கிடையாது; பேஸ் என்கிற கீழ்ச்சுரப் பகுதியை ஆர்கன்காரரே இடது கையால் வாசித்துவிடுவார். ஆள் கிடைக்காமல் போய், அதையே ஒரு பாணியாகச் சொல்லிக்கொள்கிற கதையும் இல்லை. இவர்களுடைய இசையே அந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நெதர்லாந்தின் தெற்கு மூலையில், லிம்பர்க் மாகாணத்தில் இருக்கும் கெலேன் இவர்கள் ஊர். மவுரிட்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தை 1967இல் மூடிய பிறகு ரசாயன ஆலைகளை நம்பியிருந்த ஊர். பிங்க்பாப் இசை விழா 1970இல் முதன்முதலாக நடந்ததும் அதே கெலேனில்தான். பிற்பாடுதான் லாண்ட்கிராஃபுக்குப் போனது. 2007இல் பாப்லோ வான் டெ பூல் (கிதார், குரல்), தம்பி லூக்கா (ட்ரம்ஸ்), ராபின் பீஸோ (ஆர்கன்) மூவரும் சேர்ந்தபோது எல்லாரும் பள்ளிக்கூடப் பையன்கள். அடுத்த வருடமே பதின்வயதினருக்கான குன்ஸ்ட்பெண்டெ போட்டியில் ஜெயித்தார்கள். 2009இல் முதல் முழு ஆல்பம். டச்சு ராக்கில் இது புதுசும் இல்லை: கோல்டன் இயரிங் 1961இல் ஹேக் நகரத்தில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரிடம் தொடங்கியதுதான்.

இனி அந்தக் காலி இடத்துக்கு வருவோம். பேஸ் கிதாரில் தந்தியைச் சுண்டினால் முதலில் ஒரு "டக்", பிறகு ஒலி தானாகத் தேயும். ஹேமண்டில் அப்படித் தேயவே தேயாது. கட்டையை அழுத்தியிருக்கும்வரை அதே பலத்தில் நிற்கும். ஆகவே இடது கையால் பேஸ் வாசிக்கிறவருக்குத் தாளம் அழுத்துவதில் பாதி, விடுவதில் பாதி. விரலை ஒரு இழை தாமதமாக எடுத்தாலும் ட்ரம்ஸில் காலால் அடிக்கும் கிக் மேல் ஒலி வழிந்து கொழகொழவென்று ஆகிவிடும். புதிதாக இப்படி மூவர் குழு தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சுரமெல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டு நடக்காது. கட்டையை அழுத்தும்போது வருகிற சின்ன "க்ளிக்" சத்தத்தைக் குறை என்று நினைத்து வடிகட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். தந்தியின் "டக்" இல்லாத இடத்தில் அந்த க்ளிக்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது தொல்லை, ஹேமண்டின் ஒலி வெளியே வரும் லெஸ்லி என்கிற சுழலும் ஸ்பீக்கர். டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்து "ஆ" என்று கத்தியிருக்கிறீர்கள் இல்லையா, அதே சங்கதிதான். மேல் ஒலிக்கு ஒரு சுழலும் குழாய், கீழ் ஒலிக்கு ஒரு சுழலும் உருளை. இரண்டும் பிரியும் இடம் சுமார் 800 ஹெர்ட்ஸ். மெதுவேகத்தில் நிமிடத்துக்கு ஐம்பதுக்குள், வேகத்தில் நானூறுக்குப் பக்கம் சுற்றும். வலது கைக்கு அது அமிர்தம். பேஸையும் அதே பெட்டிக்குள் விட்டால் அடித்தளமே ஆடும். வழக்கமான லெஸ்லி 122க்குள் இருப்பதும் 40 வாட் ஆம்ப் மட்டுமே. அதனால் பேஸ் பகுதியைத் தனியாகப் பிரித்து பேஸ் ஆம்புக்கு அனுப்புவது நல்ல வழி. கிதாரிஸ்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு கருவிக்கும் நடு அலைவரிசையில் ஒரே இடத்துக்குத்தான் சண்டை. இருவரும் ஒரே நேரத்தில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முறுக்கினால் மிஞ்சுவது சேறு. இந்தக் குழுவைக் கவனித்துக் கேளுங்கள்: பாப்லோ சோலோ எடுக்கும்போது ராபினின் வலது கை முழு கார்டைப் பிடிக்காமல் இரண்டு மூன்று சுரத்தோடு ஒதுங்கிக்கொள்ளும்.

மேடை ஏற்றுவது தனி வதை. பி3 மாதிரியான பெரிய ஹேமண்ட், பெடல் பலகையும் ஸ்டூலும் சேர்த்து 180 கிலோவைத் தாண்டும். ஸ்டார்ட், ரன் என்று இரண்டு சுவிட்ச், அவற்றைப் போடுவதற்கும் ஒரு முறை உண்டு: ஸ்டார்ட்டை எட்டு விநாடி அழுத்திப் பிடி, பிடித்தபடியே ரன்னைப் போடு, இன்னும் நாலு விநாடி, அப்புறம்தான் ஸ்டார்ட்டை விடு. உள்ளே ஒலியை உண்டாக்கும் சக்கரங்களைச் சுற்றுகிற மோட்டார் தானாகக் கிளம்பாது. இன்னொரு மோட்டார் அதைத் தள்ளிவிட வேண்டும். சக்கரங்களைச் சுற்றும் அந்த முதல் மோட்டாரின் வேகம் கரண்டின் அலைவெண்ணோடு கட்டப்பட்டது. திறந்தவெளி விழாவில் ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸிலிருந்து 49க்கு இறங்கினால் ஆர்கன் சுருதி, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஆர்கனுக்கு டியூனிங் திருகு கிடையாது, கிதார்தான் இறங்கி வர வேண்டும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் ஆர்கனை அப்படியே ஐரோப்பிய பிளக்கில் சொருகினால் சுருதி மூன்று கட்டைக்கும் அதிகமாக இறங்கிவிடும்.

இத்தனை சுமை தூக்குகிறவர்கள்தான் 2020இல் நேர் எதிர்த் திசையில் ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்கள்: 'டாஸ்கம் டேப்ஸ்'. சுற்றுப்பயணத்தின் நடுவே, நாலு தடத்தில் தனித்தனியாகப் பதியும் டாஸ்கம் கேசட் ரெக்கார்டரில், ஐம்பது டாலருக்கும் குறைவான செலவில் பதிந்தது. பெரிய ஆர்கனும் இல்லை, ட்ரம் செட்டும் இல்லை. பதிந்து வைத்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளரும் குட்டி சிந்தசைசரும் கிதாரும்தான். சிலர் இதை விளம்பர வித்தை என்றார்கள். அந்த மெஷினில் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. சாதாரண கேசட்டில் பக்கத்துக்கு இரண்டாக ஓடும் நாலு தடத்தையும் இது ஒரே திசையில் பயன்படுத்தும். அதனால் 60 நிமிடக் கேசட்டில் கிடைப்பது 30 நிமிடம். இரட்டை வேகத்தில் ஓட்டும் மாடல் என்றால் 15தான். முதல் மூன்று தடத்தில் தாளம், பேஸ், கிதார் பதிந்து, மூன்றையும் கலந்து நாலாவதில் ஏற்ற வேண்டும். பிறகு அந்த மூன்றையும் அழித்து அதன் மேலேயே குரல். கலந்தது கலந்ததுதான். பேஸ் தூக்கலாகப் போய்விட்டது என்று மறுநாள் தெரிந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இரைச்சல் கூடும், மேல் ஒலி மங்கும். அதற்காக ஏற்றும்போதே ட்ரெபிளைக் கொஞ்சம் தூக்கி வைப்பார்கள்.

நாலு தடத்தில் இடம் பிரிப்பதும் மூன்று பேரில் இடம் பிரிப்பதும் ஒரே கணக்கு. பதிமூன்று வருடம் பேஸ் இல்லாமல் வாசித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு கைவந்திருந்தது. 2023இன் 'லவ், டெத் அண்ட் இன் பிட்வீன்' ஆல்பத்தில் பதினாறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரு பாட்டையே தைரியமாக வைத்தார்கள். 2024இல் அமெரிக்காவில் அலபாமாவின் பேர்போன மஸில் ஷோல்ஸ் ஸ்டுடியோக்கள் வரைக்கும் போய்ப் பதிந்தார்கள்.

நெதர்லாந்தில் அரசாங்க மானியத்தில் ஓடும் இசை கிளப்புகள்தான் இவர்களை வளர்த்தன என்பார்கள். அதில் பாதி நிஜம். உள்ளாட்சிப் பணமும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஊருக்கு ஊர் நல்ல மேடை, நல்ல சவுண்ட் வைத்திருக்கும் நாடு அது. ஆம்ஸ்டர்டாமின் பாரடிசோ கிளப் 1968இலேயே பழைய தேவாலயக் கட்டடத்தில் திறந்தாயிற்று. ஆனால் அதே மேடைகளில் ஏறி இறங்கிக் காணாமல் போன குழுக்களும் ஏராளம்.

புதிதாகக் கேட்கிறவர்கள் மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸே வராது, "இதுல என்ன இருக்கு"ன்னு என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். ஹெட்போன் போட்டு, கிதாரை மறந்துவிட்டு, ஒரு முழுப் பாட்டுக்கு ராபினின் இடது கையை மட்டும் பின்தொடருங்கள்.