கோட்டுக்கு வெளியே இவ்வளவு சத்தம் எதற்கு?

பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டக் கபடிப் போட்டிக்குப் போனாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். உள்ளே ஆடுவது ஏழு பையன்கள். சத்தம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களுடையது. "ஏல, கார்னர விட்டுட்டு எங்கல போற!" "போனஸ் போடுல!" ஒரு ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய் வர, இருப்பது 30 நொடி. அதற்குள் பி.டி. சார் ஒன்று சொல்வார், பழைய மாணவர் அண்ணாச்சி ஒன்று சொல்வார், பையனின் அப்பா வேறொன்று சொல்வார். அவன் எதைக் கேட்பான்?

டைம் அவுட்டைக் கோச் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று விதி இல்லை. கேப்டன் கேட்கலாம், ஆடுகிற வேறொரு பையனும் கேட்கலாம். ஆனால் நம் பள்ளி அணிகளில் கேப்டன் தானாகக் கேட்டு நான் பார்த்தது அபூர்வம். கையைத் தூக்குமுன் சார் முகத்தைப் பார்ப்பான். டாஸ் போடவும் கோப்பை வாங்கவும் மட்டும் ஒரு கேப்டன்.

ஆட்டத்தை நடத்துவதும் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் மூத்த மாணவர்கள் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு முதல் காரணம் பிளஸ் டூ. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசுகிறவர்கள் நாம். பன்னிரண்டாவது வந்த பிள்ளையை மைதானத்துக்கு விடுவோமா? காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன், நடுவில் இருக்கும் பி.டி. பீரியடும் கணக்கு சாருக்குப் போய்விடும். 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஓரத்தில் நின்று பிடிக்கும் நல்ல கார்னர் ஜூன் மாதமே காணாமல் போவான். அவன் கற்றதும் அவனோடு போகும். பி.டி. சாருக்கோ கபடி, வாலிபால், தடகளம், காலைப் பிரேயர், குடியரசு தின அணிவகுப்பு எல்லாம் ஒரே தலையில். ஆறாவது படிக்கும் பொடியன்கள் ஒவ்வொருவருக்கும் கணுக்கால் பிடியைக் குனிந்து காட்ட அவருக்கு நேரம் ஏது? பதினொன்றாவது அண்ணன் ஒன்பதாவது தம்பிக்கும், அவன் ஏழாவது பையனுக்கும் காட்டினால் போகிறவன் போனாலும் பிடி பள்ளியில் நிற்கும்.

அதோடு, போன வருஷம் கற்றவனுக்குத்தான் எந்த இடத்தில் பயம் வரும் என்று தெரியும். ரெய்டர் முட்டி மூஞ்சியில் இடிக்கும் என்று அவனும் கண்ணை மூடியவன்தானே.

இது ஒன்றும் புதுச்சரக்கு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் செய்த வேலைதான். 1790களில் எழும்பூரில் ஓர் அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பெரிய பையன்களை வைத்தே சின்னவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். அந்த ஏற்பாடு இங்கிலாந்தில் மதராஸ் முறை என்ற பெயரிலேயே பரவியது.

ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது. அதனால் பெரியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் நம் பக்கத்தில் சொல்லவே முடியாது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறைப் பற்றியெல்லாம் பேச வேண்டியிருந்தது. இங்கே 'பையன்களே கேப்டனைத் தேர்ந்தெடுக்கட்டும்' என்றால் எந்தத் தெருவுக்கு ஆள் அதிகமோ அந்தத் தெரு ஜெயிக்கும். ஆகவே அணித் தேர்வு சார் கையில். யார் யாருக்குச் சொல்லித் தருவது என்று ஜோடி சேர்ப்பதும் அவர் கையில். ஒரே ஊர், ஒரே தெரு ஜோடி கூடாது. அடிபட்டால் பார்ப்பதும், தம்பியை அண்ணன் அடிமை வேலை வாங்காமல் கவனிப்பதும் அவர் பொறுப்பு. விசில் ஊதியபின் மட்டும் வாயை மூடிக்கொள்ளட்டும். அப்பாக்கள் கேலரிக்குப் போகட்டும்.

'அப்படி விட்டால் தோற்றுப்போவார்கள்' என்பீர்கள். சரி, முதல் வருஷம் குறுவட்டத்திலேயே தோற்கலாம். அதனால் இதில் நான் கேட்டுக்கொள்வது பி.டி. சாரைவிடத் தலைமையாசிரியரைத்தான்: ரெண்டு வருஷம் கோப்பை எங்கே என்று அவரிடம் கேட்காதீர்கள் சார்.