பல் கடித்தால் பூச்சி, இளைத்தால் பூச்சி

பையன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால் பூச்சி. கன்னத்தில் வெள்ளையாகத் தேமல் தெரிந்தாலும் பூச்சி. கடைவாய்ப்பல் கறுத்தால் அது பூச்சிப்பல்லாம், "பல்லைச் சொத்தையாக்குவது பாக்டீரியா, அத்தை" என்று சொன்னால் "அதுவும் பூச்சிதானேம்மா" என்கிறார் மாமியார், இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் பெரம்பூர் அபார்ட்மென்ட்டில் லிஃப்டில் நாலு மாடி ஏறுவதற்குள் யாராவது நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "பையன் இளைச்சுட்டானே, பூச்சி மருந்து குடுத்தியாம்மா?"

எந்தப் பூச்சி என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. ராத்திரி ஆசனவாய்ப் பக்கம் வந்து முட்டையிட்டு, பிள்ளையை அரிப்பில் புரள வைப்பது கீரிப்பூச்சி. மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துச் சோகையில் தள்ளுவது கொக்கிப்புழு. உருளைப்புழு முட்டை கழுவாத கை, கழுவாத காய் வழியாக வாய்க்குள் போகிறது. இதில் எதுவும் அல்வா தின்பதால் வருவதில்லை! ஆனால் வீட்டில் காவல் முழுக்க இனிப்பு டப்பாவுக்குத்தான். கீழே சறுக்குமரத்தடி மணலைப் போய்ப் பாருங்கள், தெருநாய் படுத்து எழுந்து அசிங்கமும் செய்துவிட்டுப் போகிறது, அதே மணலில் பிள்ளைகள் செருப்பில்லாமல் வீடு கட்டி, நகக்கண் கறுக்கக் கறுக்கத் தோண்டி, அந்தக் கையாலேயே சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பூச்சி வைத்தியம் பேசும் ஒருத்தருக்காவது "கையைக் கழுவிட்டு வாடா" என்று சொல்ல வாய் வருகிறதா? குழாயடியில் ஒரு சோப்பு வைக்கச் சொன்னால் அசோசியேஷனில் பணமில்லையாம். கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் இருந்தது.

பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, 1 முதல் 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறார்கள். "ஸ்கூல் மாத்திரையா, வாந்தி வரும்" என்று அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய்.

கடைசியில் பையனுக்கு நிஜமாகவே கீரிப்பூச்சி. ஒருத்தருக்கு வந்தால் வீட்டில் எல்லோரும் மாத்திரை போடணும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை, போர்வை, உள்ளாடையெல்லாம் வெந்நீரில் துவைக்கணும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து மாத்திரையை நீட்டினால், ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பூச்சி பார்த்த மாமியார் "எனக்கெதுக்கு, நானென்ன சின்னக் குழந்தையா" என்கிறார். அவர் பெற்ற பிள்ளை போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.