டிரான்சிஸ்டருக்கு முன்பே ரேடியோ விமானம் பறந்தது

மேலே ஒருவர், டிரான்சிஸ்டர் என்ற சின்ன மின்னணுப் பாகம் வந்த பிறகு 1950களின் கடைசியில்தான் ரேடியோவால் மாடல் விமானம் ஓட்டுவது தொடங்கியது, அதற்கு முன் கிளப்காரர்கள் எல்லாரும் கம்பி கட்டித்தான் சுற்றவிட்டார்கள் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கம்பி கட்டிப் பறக்கவிட்டது உண்மை, 40களில் அது பெரிய மோகமாகவே இருந்தது. ஆனால் ரேடியோ அதற்குப் பிறகு வந்தது இல்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937லேயே 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோவால் ஓட்டிவிட்டார்கள். சுமார் 8 அடி இறக்கை, உள்ளே வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த கண்ணாடிக் குழல்) வைத்த ரிசீவர், அதற்கான பேட்டரிகள் என்று சுமை வேறு! அந்த விமானம் தேசியப் போட்டிகளில் பரிசுகளும் வாங்கி, 1960இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. டிரான்சிஸ்டரோ 1947 கடைசியில்தான் ஆய்வகத்திலேயே பிறந்தது, அப்புறம் எப்படி?

50களில் மாறியது வேறு விஷயம். அதுவரை அமெரிக்காவில் ரேடியோவில் பறக்கவிட, பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்களுக்கான அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டியிருந்தது, அதனால் கிளப்பில் ஓரிருவர்தான் ஓட்ட முடிந்தது. 1952 வாக்கில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தேர்வு இல்லாமலே ஓட்ட அனுமதி கிடைத்ததும் கூட்டம் சேர்ந்தது. அப்போதும் பெரும்பாலும் வால்வுதான். ரப்பர் பட்டை முறுக்கில் இயங்கும் எஸ்கேப்மென்ட் என்ற சாதனம், பட்டனை அழுத்தினால் சுக்கானை முழுசாக ஒரு பக்கம் திருப்பும், விட்டால் நேராகும், பாதி திருப்பம் என்ற பேச்சே கிடையாது.