டொமினிக்காவின் காலினாகோ மக்கள் அழிந்துவிடவில்லை

ஐரோப்பியர் வந்த பின் கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் ஒருவர்கூட எஞ்சவில்லை என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பேரழிவு நடந்தது உண்மைதான். ஆயினும் கரீபியத் தீவு நாடான டொமினிக்காவில், அப்பகுதியின் பூர்வகுடிகளான காலினாகோ மக்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன். அத்தீவின் கிழக்குக் கரையில் 1903ஆம் ஆண்டு ஆங்கிலேய ஆட்சி ஒதுக்கிய ஏறத்தாழ 3,700 ஏக்கர் நிலம் இன்றும் அவர்களின் பொது உடைமையாகவே இருக்கிறது. தங்கள் தலைவரையும் அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற சில்வானி பர்ட்டன் இச்சமூகத்தைச் சேர்ந்தவர்.

இதைச் சரிபார்க்க விரும்புவோர், அவர் பதவியேற்றபோது வெளிவந்த செய்திகளைப் படிக்கலாம். இணைய வரைபடத்தில் டொமினிக்காவின் கிழக்குக் கரையைப் பெரிதாக்கினால் காலினாகோ நிலப்பகுதியையும் காணலாம். டொமினிக்கன் குடியரசு வேறு நாடு என்பதால், தேடும்போது பெயரில் மட்டும் கவனம் தேவை.